கலம்காஸ் கட்டிய இருட்டு

பலகையைத் தாளில் சுற்றும்போது மூலை வந்துவிட்டால் கலம்காஸ் பேச்சை நிறுத்திவிடுவார். வெள்ளைத் தாளின் இரண்டு ஓரங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, நடுவில் துருத்தும் சின்ன மடிப்பைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளி, ஒரு அழுத்து. ஆட்டுக்கறிக் கொழுக்கட்டைக்கு வாய் மூடுவதும் இதே கணக்கில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தம்மா அதைச் செய்வதையும் பார்த்திருக்கிறேன். நான்கு மூலையும் முடிந்த பிறகுதான் பாதியில் விட்ட வாக்கியத்தைப் பிடிப்பார். கேட்டுக்கொண்டிருந்தவர் அதற்குள் எழுந்து போயிருந்தாலும் அவருக்குக் கவலையில்லை, மிச்சத்தைப் பலகையிடம் சொல்லி முடித்துவிடுவார்.

பலகை என்றால் மரப்பலகை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் தெளிந்த பிளாஸ்டிக். ஏரியிலிருந்து அறுத்தெடுத்த பனிக்கட்டி போலிருக்கும். வானத்திலிருந்து விழும் துகள் ஒன்று அதைத் துளைத்துக்கொண்டு போனால் உள்ளே ஒரு மினுக்கு மினுங்கும். நம் கண்ணுக்கு அது தெரியாது. பலகைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஒளிக்குழாய் அதைப் பிடித்துப் பெருக்கிக் கம்பி வழியாக எனக்கு அனுப்பும். அதற்கு அப்புறம் உள்ளது என் வேலை. அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் கலம்காஸின் வேலை. பலகையைச் சுற்ற வேண்டும், குழாயைப் பொருத்த வேண்டும், இரண்டையும் வைத்து மூட ஒரு பெட்டி செய்ய வேண்டும், அந்தப் பெட்டிக்குள் வெளிச்சம் என்கிற பேச்சே இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் துகள்களை எண்ணும் எங்கள் நிலையம் அல்மாட்டி நகரத்துக்கு மேலே, மரங்கள் நின்றுபோன பிறகும் ரொம்ப தூரம் ஏறிவரும் பாதையின் முடிவில் இருக்கிறது. கலம்காஸும் நானும் ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள். ஒரே வயதுக்காரர்கள் ஒருவரையொருவர் என்ன கேலி செய்தாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இந்த உரிமையில் கலம்காஸ் ஒரு சொட்டைக்கூட வீணாக்கியதில்லை. "உன் மேசைக் கம்பியெல்லாம் சீவாத குதிரை வால் மாதிரி தொங்குது. சீப்பு வாங்கித் தரட்டுமா?" என்பார் வந்ததும் வராததுமாக. இயற்பியலில் பட்டம் வாங்கியவர், ரஷ்ய மொழியில் கட்டுரைகள் எழுதியவர். ஆனால் எனக்கு அவர் வாயிலிருந்து கிடைப்பதெல்லாம் இந்த ரகம்தான்.

கைக்குப் பருத்திக் கையுறை, தலைக்குத் துணி. பலகை இருக்கும் அறைக்குள் சாப்பாடு வரக்கூடாது. மூன்றாவது வருஷமாக ஒரே சண்டை: நான் குதிரைக்கறித் துண்டைக் கடித்துக்கொண்டே உள்ளே நுழைவேன், அவர் சுவர் ஓரமாகவே என்னைத் தள்ளிக்கொண்டு போய் வெளியே விடுவார். "கொழுப்புக் கையை வெச்சியோ, அந்த இடத்துல மினுக்கு செத்துரும். அப்புறம் வானத்துல துகள் கம்மின்னு நீயே ஒரு கட்டுரை எழுதுவ." இப்படிப்பட்ட கட்டுரைகள் உலகத்தில் வந்திருக்கின்றன என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை.

ஒளிக்குழாய்க்கு அவர் வைத்திருக்கும் பெயர் மருமகள். புதிதாக வீட்டுக்கு வந்த மருமகளைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்திருப்பார்கள் இல்லையா, அந்த மருமகள். ஒரு வித்தியாசம் உண்டு. கல்யாணத்தில் பாட்டுப் பாடி முக்காட்டை விலக்குவார்கள், முகம் பார்த்தவர்கள் பரிசு வைப்பார்கள். இந்த மருமகளுக்கு முக்காடு விலக்கும் சடங்கு கிடையாது. மின்சாரம் ஏறியிருக்கும்போது பகல் வெளிச்சம் பட்டால் குழாய் அந்த இடத்திலேயே முடிந்துபோகும். "இவ முகத்தைப் பாத்தவன் எவனும் பொழச்சதில்ல. சரியாச் சொன்னா, இவதான் பொழச்சதில்ல" என்பார்.

இது தெரியாதவர்கள் இல்லை, ஆனால் வழக்கம் யாரை விட்டது. எங்கள் இயக்குநர் ஒராஸ்பெக். மரியாதைக்குரியவர்களின் பெயரை நாங்கள் முழுசாகச் சொல்வதில்லை, பாதியில் வெட்டி இழுப்போம், அதனால் ஒரெக்கே. ஒரு கோடையில் அவர் தன் மச்சானை மேலே அழைத்து வந்தார். புதுப் பொருள் எதுவானாலும் பார்க்கிறவர் வெறுங்கையோடு பார்க்கக் கூடாது, பரிசு வைத்தவருக்குக் காட்டாமல் இருக்கவும் கூடாது. மச்சான் ஒரு பெரிய சாக்லேட் பெட்டியை வைத்தார். ஒரெக்கே மூடியைத் தூக்கிக் காட்டினார். மின்சாரம் ஏறியிருந்தது. கலம்காஸ் கத்தவில்லை. செத்த குழாயைக் கழற்றிக் கழுவி, அதில் ஒரு பிளாஸ்டிக் ரோஜாவைச் செருகி, இயக்குநர் மேசையில் வைத்துவிட்டு வந்தார். சாக்லேட்டை எல்லோருமாகத் தின்றோம். ரோஜா இன்னும் அங்கேதான் இருக்கிறது, தூசி மட்டும் தட்டுகிறார்கள்.

இவ்வளவு நாளும் கலம்காஸ் கட்டியதெல்லாம் பிறர் வரைந்தது. அந்தக் காலத்தில் வரைபடம் மாஸ்கோவிலிருந்து வரும், பிறகு வேறு வேறு நாடுகளிலிருந்து வந்தது. வரைந்தவர்கள் நல்ல மூளைக்காரர்கள், எங்கள் குளிரை அறியாதவர்கள். ஜனவரியில் அவர்களுடைய ரப்பர் பட்டை காய்ந்த ரொட்டி மாதிரி வெடித்து, மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே இடைவெளி விழும். பதினாறு திருகாணிகளை விறைத்த விரலால் கழற்றி, பட்டையை மாற்றி, மறுபடி பதினாறையும் முடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்து செய்து அவருடைய வலது சுட்டுவிரல் நுனியில் உணர்ச்சி குறைந்துபோயிற்று. "யாரோ படம் போடுவான், என் விரல் போவும்" என்று ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் தானே ஒரு பெட்டி வரைய ஆரம்பித்தார். முதலில் அட்டையில் வெட்டிச் செய்வார், பிடிக்காவிட்டால் அடுப்பில் போடுவார். ஏழெட்டு அட்டைப் பெட்டிகள் எரிந்த பிறகு ஒன்று நிலைத்தது. அடிப்பக்கம் குழாய் ஒன்றுக்குப் பதில் இரண்டு, ஒன்று பொய் சொன்னால் மற்றொன்று காட்டிக்கொடுக்கும். திருகாணி எட்டே எட்டு. ரப்பர் பட்டை இல்லை. அந்த இடத்தில், கூடார வீட்டுக்கு மேலே போர்த்துகிற அந்தக் கனத்த கம்பளி, ஆட்டு ரோமத்தை வெந்நீர் விட்டு உருட்டி அழுத்திச் செய்வது. "ரப்பருக்குக் குளிர் புதுசு. ஆட்டுக்கு என்ன புதுசா?" இதுதான் அவருடைய முழு வாதம். நான் மறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

கம்பளி வெள்ளை. பெட்டிக்கு வேண்டியது கறுப்பு. சாயம் காய்ச்சப் பெரிய பாத்திரம் சமையலறையில்தான் இருந்தது. மறுநாள் மதியம் புலாவ் சாம்பல் நிறத்தில் வந்தது. சமையல்காரி காலினா கரண்டியோடு பட்டறை வாசலுக்கே வந்துவிட்டாள். "உன் கம்பளிக்கு என் அண்டாதான் கெடச்சுதா? இத்தனை பேரும் மையைக் குடிக்கிறாங்க." கலம்காஸ் திரும்பாமலே பதில் சொன்னார்: "நல்லதுதானே. வயித்துக்குள்ள வெளிச்சம் போகாது." ஒரு வாரம் அவருக்கு மட்டும் டீயில் பால் விழவில்லை.

பெட்டி முடிந்ததும் சோதனை. பட்டறையில் பெரிய விளக்கை வைத்து, பெட்டியை ஒருமுறை கறுப்புப் போர்வையால் மூடி எண்ணுவார், ஒருமுறை மூடாமல் எண்ணுவார். துகளுக்குப் போர்வை ஒரு பொருட்டில்லை, மலையையே துளைப்பது அது. ஆகவே இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். போர்த்தினால் எண்ணிக்கை குறைகிறது என்றால் எங்கேயோ வெளிச்சம் புகுந்து, துகள் வேஷத்தில் எண்ணப்படுகிறது என்று அர்த்தம். பட்டறையில் எண் அசையவில்லை. குளிர் அறையில் ஒரு வாரம் உறைய வைத்துச் சோதித்தார், அப்போதும் அசையவில்லை. அன்று எனக்கு வலியக் கொண்டுவந்து டீ கொடுத்தார். இருபது வருஷத்தில் அது இரண்டாவது தடவை.

அவருக்கு வேண்டியது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். மலைமேல் முப்பது பெட்டி வைக்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. பணம் கொடுக்கும் குழு, கலம்காஸின் பெட்டியை ஏற்றால் முப்பதையும் எங்கள் கொட்டகையிலேயே கட்டுவோம். ஏற்காவிட்டால் வெளிநாட்டுப் பெட்டிகள் மூடி முத்திரை வைத்து லாரியில் வந்து இறங்கும். அடுத்த வருஷம் அவருக்கு ஓய்வு. ஆயுள் முழுக்கப் பிறர் பெட்டிக்குத் திருகாணி முடுக்கியவர், தான் வரைந்த ஒன்று மலைமேல் நிற்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைக்கிறார். வாய்விட்டுச் சொல்லமாட்டார். வரைபடத்தின் கீழ்மூலையில் தன் பெயரை எழுதியபோது பேனாவை இரண்டுமுறை மாற்றினார், அதைப் பார்த்தேன். அந்த முப்பது எனக்கும் வேண்டும், அவருக்காக வேண்டும்.

குழு போன வியாழக்கிழமை வந்தது. பெட்டியைத் திங்கட்கிழமையே வெளியே மேடையில் வைத்துவிட்டோம். அன்றிலிருந்து மூடுபனியும் தூறலும்தான், சூரியனைக் கண்ணால் பார்க்கவில்லை. "வெயில்ல ஒரு நாள் வெச்சுப் பாத்துட்டுக் கூப்பிடுங்க" என்று கலம்காஸ் இரண்டு தடவை கேட்டார். "வெயில் வர்ற தேதியை நீங்க குடுங்க, நான் குழுவுக்கு எழுதறேன்" என்றார் ஒரெக்கே. அவர் நிலைமை அப்படி.

துகள் விழுவதைக் காதால் கேட்க நான் ஒரு சின்னக் கருவி செய்திருந்தேன். நூறு துகளுக்கு ஒருமுறை 'டக்' என்று தட்டும். "சர்க்கஸ்" என்றார் கலம்காஸ். ஆனாலும் இருக்கட்டும் என்று விட்டார். காலையில் சத்தம் சீராக இருந்தது, அவசரமில்லாமல் நடக்கிறவனுடைய காலடி மாதிரி.

குழுவின் தலைவர் ஜாக்சிலிக், எங்கள் வாய்க்கு ஜாக்கே. எழுபதைத் தொட்டவர், பெரிய உடம்பு, உயரம் ஒத்துக்கொள்ளாமல் மூச்சு வாங்கியது. காலினாவின் பால் டீயை மூன்று கிண்ணம் குடித்த பிறகு மேடைக்கு வந்தார். கூட ஐந்தாறு பேர். பெட்டியைச் சுற்றிவந்து, மூடியைத் தட்டிப் பார்த்து, "தொறந்து காட்டும்மா, வெறுங்கையோட வரல" என்றார்.

ஒரெக்கே என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

"ஜாக்கே, உள்ள இருக்கறது மருமக" என்றார் கலம்காஸ். "முகம் காட்டுனா செத்துருவா. நீங்க வேணும்னா அவ குரலைக் கேளுங்க."

"குரல் மட்டும் கேட்டு எந்த ஊர்ல பொண்ணெடுத்தான்?"

"போன தடவை முகம் காட்டுனவ ரோஜாவோட இயக்குநர் மேசையில இருக்கா. போறப்ப பாருங்க."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள், ஒரெக்கே காது சிவக்கச் சிரித்தார். ஜாக்கேவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. குனிந்து கருவியின் பக்கம் காதைக் கொடுத்தார். 'டக்' என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி 'டக்'. "இது இப்ப என் தொப்பி வழியா வந்ததா?" என்று கேட்டார். "தொப்பி, தலை, செருப்பு எல்லாம் தாண்டித்தான்" என்றார் கலம்காஸ். பெரியவர் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டார்.

பிறகு உதவியாளரிடம் கை நீட்டினார். பொதியிலிருந்து ஒரு ஷபான் வந்தது. நீங்கள் பொன்னாடை போர்த்துவீர்களே, அதுபோல நாங்கள் போர்த்துகிற அங்கி. கருநீல வெல்வெட்டில் தங்க நூல் வேலை, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தது. கலம்காஸின் தோளில் அதைப் போர்த்தி, "மருமகளுக்கு இல்லைன்னா மாமியாருக்கு" என்றார் ஜாக்கே. கலம்காஸ் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். பட்டறைக் கையுறையோடு அந்த அங்கிக்குள் நின்றவரைப் பார்த்தேன். கிண்டல் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

ஷபான் போர்த்தியாயிற்று என்றால் பாதி முடிவு சொன்ன மாதிரி. ஒரெக்கேவின் தோள்கள் இறங்கின. பெரியவர் ஆசி சொல்ல இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தார். நாங்களும் விரித்தோம்.

அப்போது மேகம் விலகியது. நான்கு நாளாகக் காணாத வெயில் மேற்குச் சரிவிலிருந்து சாய்ந்து மேடைமேல் விழுந்தது. முகத்துக்கு இதமாக இருந்தது. "உங்க வேலை ஓங்கட்டும், உங்க கொட்டகை நெறையட்டும்" என்று ஜாக்கே ஆரம்பித்தார். கருவியின் தட்டல் நெருங்கியது. நடந்தவன் காலை எட்டிப் போட ஆரம்பித்தான், பிறகு ஓட ஆரம்பித்தான்.

கூட வந்தவர்களில் ஒருவர், "கேட்டீங்களா, ஐயா வாய் தொறந்ததும் வானமே பதில் சொல்லுது" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஜாக்கேவின் முகம் மலர்ந்தது, குரல் இன்னும் உயர்ந்தது.

வானம் அப்படித் திடீரென்று பதில் சொல்லாது. மூடி எங்கேயோ வழிவிட்டிருக்கிறது. நான்கு நாள் தூறலில் கம்பளி ஈரம் குடித்து உப்பியிருக்கும். உப்பிய கம்பளி எட்டே திருகாணிகளுக்கு நடுவில் மூடியை மயிரிழை தூக்கியிருக்கும். குளிரை அத்தனை தூரம் யோசித்தவர் ஈரத்தை யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. இரண்டு நிமிஷம் பொறுத்தால் ஆசி முடிந்துவிடும். அவர்கள் இறங்கிப் போவார்கள், நாங்கள் மூடியைச் சரிசெய்வோம், யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. கலம்காஸ் வாயைத் திறக்கக் கூடாதே என்று மனசார வேண்டிக்கொண்டு நின்றேன்.

அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. சூரியனைப் பார்த்தார், தன் நிழல் விழுந்திருந்த இடத்தைப் பார்த்தார். விரித்திருந்த கைகளை இறக்கினார். ஆசி நடந்துகொண்டிருக்கும்போதே ஷபானைத் தோளிலிருந்து கழற்றினார். போர்த்தியவர் முன்னாலேயே அதைக் கழற்றுவது எங்கள் ஊரில் யாரும் செய்யாத காரியம். ஒரெக்கே "கலம்காஸ்" என்று அடிக்குரலில் கூப்பிட்டார். கலம்காஸ் அங்கியை விரித்து உதறி, தங்க வேலை மேலே தெரியும்படி பெட்டியை முழுக்க மூடினார்.

ஓட்டம் நின்றது. 'டக்'. கொஞ்சம் பொறுத்து 'டக்'. காலையில் கேட்ட அதே நடை.

ஜாக்கேவின் உள்ளங்கைகள் விரித்தபடியே இருந்தன, வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது.

"ஜாக்கே, மன்னிக்கணும்" என்றார் கலம்காஸ். "நீங்க இப்ப கேட்டதுல பாதிக்கு மேல வெயில். வானம் தட்டுறது இவ்வளவுதான், இந்தச் சத்தம்தான். என் கம்பளி ஈரத்துல உப்பிருக்கு, மூடி தூக்கிருக்கு. படம் நான் போட்டது. வேற யாரும் போடல."

கலம்காஸ் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மெல்லிய ஸ்வெட்டரோடு மண்டியிட்டு, ஷபானின் ஓரத்தை விரலளவு தூக்கிக் காதைச் சாய்த்தார். சத்தம் மாறவில்லை. அடுத்த விரலளவு. அதற்கடுத்தது. மூன்றாவது, நான்காவது திருகாணிகளுக்கு நடுவே வந்ததும் கருவி தடதடவென்றது. அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினார், சத்தம் அடங்கியது. விரலை எடுக்காமல், திரும்பிப் பார்க்காமல், மற்றக் கையைப் பின்னால் நீட்டினார்.

"டேப்."

கறுப்பு டேப் உருளை மேடையின் விளிம்பில், ஜாக்கேவின் காலடியில் கிடந்தது. பெரியவர் விரித்த கைகளை மடக்கினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து அதை எடுத்து, நகத்தால் நுனியைத் தேடிப் பிரித்து, ஒரு துண்டு கிழித்து அந்தக் கையில் வைத்தார். கலம்காஸ் அதை ஒட்டி, மேலே தடவிவிட்டு, காதை இன்னொரு முறை சாய்த்துக் கேட்டார். பிறகு, கொடுத்தது யார் என்று பார்க்காமலே, அடுத்த துண்டுக்குக் கையை நீட்டினார்.